எர்த் குழி

ரவுண்ட் ராக் ஊர் முழுக்க வெயிலில் புல் கருகிக் கிடந்தபோது, கஜன் வீட்டுப் பின்வளவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மண் ஈரமாக இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டு மூன்று வாரமாகிவிட்டது. ஈரத்தின் மேல் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு பளபளப்பு. ஈ மொய்த்தது. கிட்டப் போனால் புளித்த எச்சில் நாற்றம். கஜனுடைய ரேடியோ ஆன்டெனாவின் எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருந்தது அந்த இடத்தில்தான்.

பொழுதுபோக்குக்கு ஒரு குட்டி ஏஎம் ரேடியோ நிலையம் வைத்திருந்தான். லைசென்ஸ் தேவைப்படாத நூறு மில்லிவாட், ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஆன்டெனா. வார இறுதிகளில் பழைய பாட்டுப் போடுவான், ஊர்க்காரரின் மரண அறிவித்தல் வாசிப்பான். நாலு வீட்டைத் தாண்டாது. "உம்மட ரேடியோவைக் கேக்க உம்மட வீட்டுக்கே வரோணும் போல" என்று நண்பர்கள் நக்கலடித்தார்கள். சக்தியைக் கூட்டச் சட்டம் விடாது. தூரம் போக வேண்டுமென்றால் எர்த் நன்றாகப் பிடிக்க வேண்டும். ஊரில், யாழ்ப்பாணத்தில், குழி தோண்டி, கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் போட்டு மூடுவார்கள். வீட்டில் உப்பு இருந்தது. கரி இல்லை. கராஜில் மாமனாரின் சாம்பல் இருந்தது.

அந்தியேட்டிச் சடங்குக்கு ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்திருக்க வேண்டிய சாம்பல். மனைவி பவதாரணியின் கிரீன் கார்ட் இழுபட்டு, பயணம் போக முடியாமல், பத்து மாதமாகப் பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தது. கரியும் சாம்பலும் ஒன்றுதானே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு அதைக் குழியில் கொட்டினான் கஜன். பெட்டியைச் சிமெந்துத் தூளால் நிரப்பி வைத்தான்.

மாமனாரை, செல்வராஜா மாமாவை, நினைத்தாலே அவனுக்கு அருவருப்பு. இரண்டு வருடம் பக்கத்து அறையில் படுத்தபடி, நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து இழுத்துக் காறி, பால்மா டின்னில் துப்புவார். "மருமோன், டின்னைக் கொண்டாங்கோ." சோற்றில் கை வைத்தவனுக்கு அந்தக் குரல் போதும். கடைசி நாளும் கூப்பிட்டார். பவதாரணி வேலைக்குப் போயிருந்தாள். கஜன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சளி அடைத்துத்தான் போனார் என்பது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

சாம்பல் போட்ட மறுவாரம் நிலையம் ஃப்ரீவேயைத் தாண்டிக் கேட்டது. அதற்கடுத்த வாரம் ஹூஸ்டனிலிருந்து ஊர்க்கார விசாலாக்ஷி ஆன்டி போன் பண்ணினார்.

"தம்பி, உங்கட ஸ்டேஷன் இஞ்ச வடிவாக் கேக்குது. ஆனா பாட்டுக்கு நடுவில ஆரோ காறுகினம். சாப்பிடேலாமக் கிடக்கு."

ஹூஸ்டன் நூற்றறுபது மைல். நூறு மில்லிவாட் அவ்வளவு தூரம் போகாது. அன்றே கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும். வெட்கக்கேடு, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கிரீன் கார்ட் வந்தது. செவ்வாய்க்கிழமை ஊருக்கு விமானம். இன்று ஞாயிறு. கிடைத்த அளவு சாம்பலை அள்ளித் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டால் பவதாரணிக்கு ஒன்றும் தெரியாமல் போகும். பொழுது சாயும் நேரத்தில், டிரான்ஸ்மிட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு குழியில் குனிந்தான்.

மண் வெட்டுப்படவில்லை, வழிந்தது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மஞ்சளும் சாம்பல் நிறமுமாக ஒரு கொழகொழப்பு நூல் நூலாக நீண்டு, அறாமல், அவன் முழங்காலில் ஒட்டிக்கொண்டு இளஞ்சூட்டோடு இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட்டான். மணிக்கட்டு. முழங்கை. உள்ளே காய்ச்சல்காரன் வாய் போலச் சூடு. விரலில் கம்பி பட்டது. அதன் மேல் தோல் போல ஏதோ வளர்ந்திருந்தது. வழுக்கியது.

அது சுருங்கியது. விரிந்தது. விழுங்குவது போல.

சமையலறை ரேடியோ தானாகக் கரகரத்தது. டிரான்ஸ்மிட்டரின் பிளக் கழற்றியபடியே கிடந்தது. முதலில் அவனுடைய மூச்சே அதில் கேட்டது. பிறகு காறல். நீண்ட, அடியிலிருந்து வரும் காறல்.

"மருமோன், டின்னைக் கொண்டாங்கோ."

பின்கதவு திறந்தது. பவதாரணி நின்றாள். கையில் அந்தப் பெட்டி.

"காலமை அப்பான்ர சாம்பலுக்குப் பால் தெளிச்சனான்" என்றாள். "கல்லா இறுகிக் கிடக்கு. ஏன் கஜன்?"

ரேடியோ விடவில்லை. "மருமோன்... மருமோன்..."

"அப்பா உங்களைக் கூப்பிட்டவரோ? கடைசி நாளண்டைக்கு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். மறுபடி அந்தக் காறல். இந்த முறை ரேடியோவிலிருந்து இல்லை. அவன் தொண்டைக்குள்ளிருந்து.

வாய் நிறைந்தது. சூடு. கொழகொழப்பு. பல்லில் சாம்பல் நறநறத்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினான்.

மறுபடி நிறைந்தது.