மூன்றாம் நம்பர் காரில் எட்டுப் பேர்

அப்பா வாசலில் கொண்டுவந்து நிறுத்திய காரைப் பார்க்கக் கமலினி வெளியே ஓடி வந்தாள். அதை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கார் முழுசா வந்திட்டுதோ? இல்ல, மிச்சம் பின்னால வருதோ?"

அப்பா கணேசலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவுதான் பிள்ளை. இதுதான் மூன்றாம் நம்பர்."

கமலினிக்கு அப்போது பத்து வயது. அது 1975ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை. மெல்பேண் நகரின் கிளேட்டன் பகுதியில் அவர்கள் வீடு இருந்தது. அந்தத் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் கப்பல் மாதிரி நீளமானவை. மூன்றாம் நம்பரோ அம்மாவின் தோள் உயரம்கூட இல்லை.

தம்பி சிறி காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். "இது வளருமா?" என்று கேட்டான். அவனுக்கு ஐந்து வயது.

அப்பா ஒரு சிறிய கார்க் கம்பனியில் பொறியியலாளர். மூன்று வருடங்களாக அவர் ஒரே ஒரு வேலையைத்தான் செய்துவந்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் கென்யாவிலும் ஒரு சாதாரண வாத்தியார்கூட வாங்கக்கூடிய விலையில் ஒரு கார் செய்ய வேண்டும். முதலாம் நம்பர் மேட்டில் ஏற மறுத்தது. இரண்டாம் நம்பருக்குச் செலவு கூடிவிட்டது. மூன்றாம் நம்பர்தான் சரியாக வந்திருந்தது.

"திங்கட்கிழமை கம்பனிப் பெரியவர் வந்து பாப்பார்," என்றார் அப்பா. "எங்கட குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர். நாலு பேர் வசதியா இருக்கலாம் எண்டு காட்டவேணும்."

"அவருக்குப் பிடிக்காட்டி?"

அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பிடிச்சால் ஆயிரக்கணக்கில செய்வினம். பிடிக்காட்டி மூன்றாம் நம்பர் பழைய இரும்புக்குப் போகும். அதோட இந்த வேலையும் முடிஞ்சுது."

கமலினி காரின் கூரையில் மெதுவாகக் கை வைத்தாள். சின்னதாக இருந்தாலும் அது அப்பா செய்த கார்.

மறுநாள் சனிக்கிழமை. அந்தக் காலத்தில் மெல்பேணில் நம்மவர்களுக்கு ஒரு கோயில் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் எல்லாரும் கூடிப் பூசை செய்வார்கள். அந்த மாதம் ரோவிலில் பூசை. ரோவில் என்றால் அப்போது புல்வெளியும் மாடுகளும், நடுநடுவே சில புது வீடுகளும்தான்.

அப்பா மூன்றாம் நம்பரிலேயே எல்லாரையும் கூட்டிப்போனார். தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி, அம்மா கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலை எல்லாரும் சாப்பிட்டபின், பாத்திரங்களைக் கழுவி அவர்கள் கிளம்பப் பிற்பகல் நான்கு மணி ஆகிவிட்டது. வெளியே மழை கொட்டியது.

திரும்பும் வழியில் கமலினி திடீரென்று கத்தினாள்.

"அப்பா, நிப்பாட்டுங்கோ! யோகராணி அன்ரி நிக்கிறா!"

பஸ் தரிப்பில் ஒரே குடையின் கீழ் யோகராணி அன்ரியும் பாஸ்கர் அங்கிளும் நின்றார்கள். அன்ரியின் தோளில் ஆறு மாதக் குழந்தை. அவர்களும் பூசைக்கு வந்து, குழந்தைக்காக முன்னதாகவே புறப்பட்டவர்கள்தான். கிளேட்டனில் பக்கத்துத் தெரு.

"நீங்கள் போங்கோ அண்ணை," என்று பாஸ்கர் அங்கிள் கையை ஆட்டினார். "பஸ் இப்ப வந்திடும்."

கமலினி காரை விட்டு இறங்கி ஓடிப்போய், கம்பத்தில் இருந்த நேர அட்டவணையைப் படித்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"அங்கிள், சனிக்கிழமை கடைசி பஸ் பன்னிரண்டு நாற்பதுக்கே போயிட்டுது!"

"என்னது?" பாஸ்கர் அங்கிள் குடையைத் தவறவிட்டார். "ஒரு மணித்தியாலமா நிக்கிறமே!"

குழந்தை தும்மியது. கமலினி அப்பாவைப் பார்த்தாள்.

"கார் நாலு பேருக்குத்தான் பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக. "பெல்ட்டும் நாலுதான் இருக்கு."

"அன்ரி என்ர இடத்தில இருக்கட்டும் அப்பா. நான் ஒரு மூலையில ஒதுங்குறன். தம்பி என்ர மடியில இருப்பான்."

குழந்தை மறுபடி தும்மியது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். "ஏறுங்கோ. மெதுவா போவம்."

ஏழு பேர் ஆயிற்று. அம்மாவின் மடியில் பொங்கல் பானை. மூன்றாம் நம்பர் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே நகர்ந்தது.

இரண்டு மைல் போயிருப்பார்கள். தெருவோரம் ஒருவர் தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாசுதேவன். மதுரையிலிருந்து வந்தவர். பூசைக்கு வந்து இரண்டு தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர்.

"ஐயோ, நனையிறார்!" என்றாள் கமலினி.

"இனி ஒரு ஈயும் ஏறேலாது," என்றார் அப்பா.

ஆனால் அப்படிச் சொல்லும்போதே அவர் கால் பிரேக்கை மிதித்திருந்தது.

வாசுதேவன் உள்ளே குனிந்து பார்த்துத் திகைத்துப்போனார். "சார், இதுக்குள்ளயா? நான் எங்க சார் உக்கார்றது? பரவாயில்ல, நடந்தே போயிடுறேன்."

"பேசாம ஏறும்," என்றார் பாஸ்கர் அங்கிள். "கதவைத் திறந்து வைச்சால் குழந்தைக்குக் குளிரும்."

வாசுதேவன் நல்ல உயரம். அவரை நான்காக மடித்துத்தான் உள்ளே போட வேண்டியிருந்தது.

"இது யாரோட முழங்கை?"

"அது பானையின்ர காது, தம்பி," என்றார் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். கிளேட்டன் ரயில் கடவை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

கடவை கொஞ்சம் மேடாக இருக்கும். மூன்றாம் நம்பர் ஏறியது. தண்டவாளங்களைக் கடந்தது. மறுபக்கம் இறங்கியது.

டமார்!

கார் பின்பக்கமாகப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. குழந்தை வீரிட்டு அழுதது.

"இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!" என்று அப்பா கத்தினார். அப்பா அப்படிக் கத்திக் கமலினி கேட்டதே இல்லை.

எல்லாரும் இறங்கி, தள்ளி, காரைத் தெருவோரம் சேர்த்தார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்த நேரம் பின்னால் மணி அடித்தது. கடவையின் தடுப்புப் படலை இறங்கியது. அவர்கள் சற்று முன் இருந்த இடத்தை ஒரு ரயில் தடதடவென்று கடந்து போனது.

யோகராணி அன்ரி குழந்தையை இறுக்கிக்கொண்டார். அம்மாவின் உதடுகள் "முருகா, முருகா" என்று அசைந்தன.

அப்பா மழையில் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஸ்பிரிங் முறிஞ்சு போச்சு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமலினி எழுந்ததும், குசினி அலுமாரியில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'நான்தான் எல்லாரையும் ஏற்றச் சொன்னேன்' என்று மட்டும் மனதுக்குள் சொன்னாள்.

கராஜில் அப்பா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில், இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த அந்த ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. பாஸ்கர் அங்கிளும் வந்திருந்தார். அவர் முகத்திலும் களை இல்லை.

"அண்ணை, எங்களாலதான் இது. பட்டறையில வேற ஸ்பிரிங் இருக்கெல்லோ? அதைப் போட்டு நாளைக்கு நாலு பேரோட ஓட்டிக் காட்டுங்கோ. முறிஞ்சது ஆருக்குத் தெரியப்போகுது?"

அப்பா ஸ்பிரிங் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார் என்று கமலினிக்குப் புரிந்தது.

"அப்பா, என்னில பிழை."

"இல்லை பிள்ளை. ஓட்டினது நான். நாலு பேருக்கு மேல ஏத்தக்கூடாது எண்டு தெரிஞ்சும் ஏத்தினது நான். உன்னில என்ன பிழை?"

கமலினி முறிந்த துண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதை எப்பிடிச் சோதிச்சனீங்கள்?"

"மூண்டு மணல் மூட்டை. ஒவ்வொண்டும் எழுபது கிலோ. ஓட்டுற சீட்டைத் தவிர மற்றச் சீட்டுக்கு ஒண்டா வைச்சு ஆறு மாதம் ஓட்டினம். ஒண்டும் நடக்கேல்லை."

கமலினி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"மணல் மூட்டைக்குச் சித்தியும் மாமியும் இல்லைத்தானே அப்பா?"

பாஸ்கர் அங்கிள் சிரிக்கத் தொடங்கினார். அப்பா சிரிக்கவில்லை. "என்ன சொன்னனீ?" என்று கேட்டார்.

"இல்லை... இந்தக் காரை வாங்கிறவை ஆர்? தெருவில ஒருதரிட்டத்தானே கார் இருக்கும்? அப்ப தெருவே அதிலதானே ஏறும்? ஆஸ்பத்திரிக்குப் போகேக்க, கலியாணத்துக்குப் போகேக்க, மழை பெய்யேக்க. நீங்களே நேற்று ரெண்டு தரம் நிப்பாட்டினீங்கள்."

அப்பா முறிந்த துண்டுகளை மறுபடி பார்த்தார். மூன்று வருடக் கணக்குகள், வரைபடங்கள். அவற்றில் எங்கேயும் யோகராணியின் குழந்தை இல்லை. பொங்கல் பானை இல்லை. மழையில் நடக்கும் வாசுதேவன் இல்லை.

அவர் எழுந்து, முறிந்த துண்டுகளை ஒரு பழைய துணியில் சுற்றினார்.

திங்கட்கிழமை காலை பட்டறையில் அப்பா, பெரியவர் திரு. பெக்கட் முன்னால் இருந்த மேசையில் அந்தத் துணியை விரித்தார்.

திரு. பெக்கட்டின் முகம் தக்காளிப் பழம் மாதிரிச் சிவந்தது. "என்ன இது, கணேஷ்? எத்தனை பேரை ஏற்றினாய்?"

"குழந்தையோடு எட்டுப் பேர், சார்."

"எட்டா!" அவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "நாலு பேருக்கான காரில் எட்டுப் பேரா? எதற்காக?"

அப்பா தலை குனிந்து நின்றார். அம்மா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்தார். கமலினி ஓரடி முன்னால் வந்தாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்.

"மழை பெய்தது, சார்."

மூலையில் நின்ற ஜிம் என்ற மெக்கானிக், கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நாலு பேர்தான் ஏறலாம் என்று காரிலேயே எழுதி ஒட்டிவிட்டால்?" என்று கேட்டார் திரு. பெக்கட்.

"ஒட்டலாம், சார். ஆனால் யாராவது மழையில் நிற்பதைப் பார்த்தால் அது மறந்துபோகும். காரைச் செய்த அப்பாவுக்கே மறந்துபோனது."

ஜிம் 'களுக்' என்று சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல நடித்தார்.

திரு. பெக்கட் சிரிக்கவில்லை. முறிந்த இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"கணேஷ், இன்றைக்கு நான் 'சரி' என்று சொல்லத்தான் வந்தேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதை நீ காட்டாமல் இருந்திருந்தால் அடுத்த வாரமே கார்களைச் செய்யத் தொடங்கியிருப்போம்."

அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கமலினி அந்தக் கடிதத்தையே பார்த்தாள். சும்மா இருந்திருந்தால் கார் வென்றிருக்குமா?

திரு. பெக்கட் அந்தக் கடிதத்தை நடுவில் கிழித்தார்.

"ஆயிரம் கார்கள்," என்றார். அவர் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "ஆயிரமும் முதல் மழையில் முறிந்திருக்கும். உள்ளே எத்தனை குழந்தைகளோ!" அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மூன்று மாதம் தருகிறேன். நான்காம் நம்பரைச் செய்."

அப்பாவுக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. "வேலை... தொடருமா, சார்?"

"உண்மையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற ஆளை நான் ஏன் விடப்போகிறேன்?" என்றார் திரு. பெக்கட். பிறகு கமலினியின் பக்கம் குனிந்தார். "மிஸ், எத்தனை மணல் மூட்டை வைத்துச் சோதிக்கலாம்?"

கமலினி விரல்களை மடக்கி எண்ணினாள். "ஏழு. ஓட்டுகிறவரோடு எட்டு. ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்கக்கூடாது, சார்."

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். பட்டறையின் பின்வளவில், மேடான ஒரு பாதைக்கு முன்னால் நான்காம் நம்பர் தயாராக நின்றது. அதுவும் சின்னக் கார்தான். ஆனால் அதன் ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டைகள் கூடுதலாக இருந்தன.

ஜிம் ஒவ்வொரு மூட்டையாக உள்ளே ஏற்றினார். பெரியது, நடுத்தரம், ஒல்லியாக நீண்டது ஒன்று. அதை மடித்து வைக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டார். கடைசியில் ஒரு சின்னஞ்சிறு மூட்டை மட்டும் அவர் கையில் மிஞ்சியது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு விரல் வைக்கவும் இடம் இல்லை.

"இதை எங்கே வைப்பது, மிஸ்?" என்று கேட்டார்.

"மடியில்," என்றாள் கமலினி.

ஜிம் அந்தக் குட்டி மூட்டையை ஒரு பெரிய மூட்டையின் மேல் சரித்து வைத்து, விழாதபடி இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா காரை எடுத்தார். நான்காம் நம்பர் மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் வெயிலில் ஓடியது.