தூங்குகிறவளின் நாடித்துடிப்பு

வீடியோ அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

டாக்டர் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களின் இதய நோயாளிகளை இங்கிருந்தே வீடியோவில் பார்ப்பது அவள் வேலை. வீட்டுக்கு ஒரு டேப்லெட், விரலில் மாட்ட ஒரு கிளிப். காலையில் மாட்டினால் நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் இங்கே எண்ணாக வந்து நிற்கும்; ஒவ்வொரு துடிப்பும் கோட்டில் ஒரு மேடாக எழும். வராவிட்டால் டாக்டர் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் உள்ளூர் நர்ஸ் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவாள்.

இன்று தையல்காரியிடமிருந்து எண் வரவில்லை.

ஒரு நாள்கூடத் தவறாதவள். நேற்றுகூட, "ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, தலையை வாரிட்டு வரக் கூடாதா டாக்டர்?" என்று கிண்டலடித்தவள்.

கடைசியில் திரை விழித்தது. தெரிந்தது அவள் முகம் இல்லை. அவள் கணவன்.

"சாரி டாக்டர்... தோட்டத்துல இருந்தேன்."

"அவங்க எங்க?"

"தூங்குறா. ராத்திரி பூரா தைச்சுட்டு இருந்தா. இப்பதான் கண் அசந்தா."

டேப்லெட்டைக் கட்டில் பக்கம் திருப்பினான். தையல்காரி சுவரைப் பார்த்தபடி, கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள்.

"எழுப்ப வேண்டாம். கிளிப்பை மட்டும் மாட்டுங்க."

அவன் டேப்லெட்டை மேஜைமேல் சாய்த்து வைத்தான். கிளிப்பை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையைப் போர்வைக்குள் விட்டான். மனைவியின் கையைப் பிடித்திருப்பவன்போல அப்படியே இருந்தான்.

துடிப்பு 76. ஆக்சிஜன் 98.

"நல்லா இருக்குல்ல டாக்டர்?"

"ரொம்ப நல்லா இருக்கு."

சொன்ன பிறகுதான் டாக்டர் திரையில் ஓடும் கோட்டை மறுபடி பார்த்தாள்.

ரொம்பவே நன்றாக இருந்தது... அதுதான் தப்பு. தையல்காரியின் நாடி நாலு துடித்தால் ஒன்று தவறும். மாதக்கணக்காக அதற்குத்தான் மருந்து. இதுவோ கடிகாரம் மாதிரி ஓடியது.

"அசந்து தூங்குறாங்களா?"

"இடி விழுந்தாலும் தெரியாது டாக்டர்."

"சரி. எதுக்கும் நர்ஸை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்றேன்."

76... 94... 121.

போர்வை அசையவில்லை. இடி விழுந்தாலும் தெரியாதவளுக்கு எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறது?

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். இடது கையால். வலது கை போர்வையை விட்டு வெளியே வரவே இல்லை.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கிளிப் இருப்பது அவள் விரலில் இல்லை... அவன் விரலில்.

அப்படியென்றால் அவள்?

உயிரோடு இருக்கிறாளா? சொல்ல இங்கே ஓர் எண்ணும் இல்லை.

நடுவில் ஒரு மலை. போலீஸ் போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். அவனுக்குச் சந்தேகம் தட்டினால் ஒரு தலையணை போதும், ஒரு நிமிஷம் போதும். பயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அவள் சிரித்து வைத்தாள். மேஜைக்கு அடியில் அவள் கட்டைவிரல் செல்போனில் நர்ஸுக்கு எழுதிக்கொண்டிருந்தது. 'தையல்காரி வீட்டுக்கு ஓடுங்க. ஆக்சிஜனோட. தனியா போகாதீங்க. கதவைத் தட்டாதீங்க.'

"நர்ஸ் எதுக்கு டாக்டர்?" அவன் குரல் மாறியிருந்தது. "நம்பர்தான் நல்லா இருக்கே."

"சும்மாதான். வேண்டாம்னா விடுங்க."

"வேண்டாம். இரும்புக் கதவு பூட்டியிருக்கு, சாவியை வேற தேடணும்."

துடிப்பு மெல்ல இறங்கியது. அவன் டேப்லெட்டை நோக்கி இடது கையை நீட்டினான்.

"வச்சுடறேன் டாக்டர்."

வைத்துவிட்டால் தீர்ந்தது கதை.

"இருங்க... ஒரு நிமிஷம் இருங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. நாற்காலியை முன்னால் இழுத்துத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"என்ன டாக்டர்?"

"இந்த நாடி போற போக்கு சரியில்ல. இதயத்து ரத்தக்குழாய் அடைக்குது. இன்னும் அரை மணி நேரம் தாங்குனா அதிகம்."

136.

"யா... யாருக்கு?"

"உங்க மனைவிக்குத்தான். வேற யாருக்கு?"

"அதுக்கு... அறிகுறி ஏதாவது இருக்குமா?"

"குப்புன்னு வியர்க்கும். வாய் உலரும். இடது கை மரத்துப்போகும். அவங்களுக்கு வியர்க்குதா, பாருங்க."

அவன் பார்த்தது மனைவியை அல்ல, தன் சட்டையை. தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையை ஒரு முறை உதறிப் பார்த்தான்.

148.

டாக்டரின் செல்போன் அதிர்ந்தது. 'வாசல்ல இருக்கேன். பால்காரரும் கொல்லரும் கூட வந்திருக்காங்க.'

"காப்பாத்த வழியே இல்லையா டாக்டர்?"

"நர்ஸ் ஊசி போட்டா பொழைக்கலாம். இந்நேரம் உங்க தெருவுலதான் இருப்பாங்க. ஆனா கதவு பூட்டியிருக்கே, சாவி வேற காணோம்... சரி விடுங்க. பக்கத்துல உக்காந்து நல்லபடியா அனுப்பி வைங்க."

அவன் துள்ளி எழுந்தான். போர்வை விலகியது. வலது கை ஆள்காட்டி விரலில் கிளிப்.

"டாக்டர், இது என் விரல்... எனக்குப் போடச் சொல்லுங்க."

தேட வேண்டிய சாவி சட்டைப் பையிலிருந்தே வந்தது. ஓடினான். கதவு திறக்கும் சத்தம். அடுத்து, கனமான உடம்பு ஒன்று தரையில் சாயும் சத்தம்.

நர்ஸ் திரைக்குள் வந்தாள். அவனிடமிருந்து பிடுங்கிய கிளிப்பைத் தையல்காரியின் விரலில் மாட்டினாள்.

எண் இல்லை. வெறும் கோடு.

டாக்டர் மூச்சுவிட மறந்தாள். வந்துவிடு தாயே, வந்துவிடு...

துடிப்பு 49. ஆக்சிஜன் 80.

நாலு துடித்தது. ஒன்று தவறியது. அவளேதான்!

"உயிர் இருக்கு சிஸ்டர். ஆக்சிஜனை வைங்க."

"வச்சாச்சு டாக்டர். ஆம்புலன்ஸும் கிளம்பிடுச்சு. கட்டிலுக்கு அடியில தூக்க மாத்திரை அட்டை கிடக்கு, எல்லாம் காலி. இவனே ஒளறிட்டான், இவனோட இன்னொருத்தி விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சதால குடுத்தானாம். சாயங்காலத்துக்குள்ள உயிர் போயிடும், அதுவரை நான் இந்தப் பக்கம் வராம இருந்தா போதும்னு இருந்திருக்கான்."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தையல்காரி கண்ணைத் திறந்து பார்த்தாளாம். நர்ஸ் சொன்னபோது டாக்டர் வாய்விட்டு அழுதாள்.

டேப்லெட் இன்னும் அணைக்கப்படவில்லை. கொல்லரின் பிடியில், போலீஸுக்காகக் காத்திருந்தவன் கத்தினான்.

"அரை மணி நேரம்னீங்களே டாக்டர்... என் ஊசி எங்க?"

நர்ஸ் விழித்தாள். "எந்த ஊசி டாக்டர்? அந்தக் கிளிப்பை வச்சு அடைப்பையெல்லாம் கண்டுபிடிக்கவே முடியாதே."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார். உங்க இதயம் கல்லு மாதிரி இருக்கு. எத்தனை வருஷம் உள்ள போட்டாலும் ஒரு நாள் குறையாம இருந்துட்டு வரலாம்."