ஐந்தாவது கோடு

“கரிக்கு முன்னாடி மரம். மரத்துக்கு முன்னாடி காத்து. அதுக்கு முன்னாடி கரி எங்கடி இருந்துச்சு?”

நான்காம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி ஒருநாள் கேட்டாள். இரட்டைச் சடை, பச்சை ரிப்பன். மேகலா, “பெரிய படிப்பு படிச்சுட்டு வந்து சொல்றேன்” என்றாள்.

அம்சவள்ளி பெரியவளாகவே இல்லை.

மேகலா படித்தாள். அரியலூருக்கு வெளியே, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியின் சுவரைக் குடைந்து அமைத்த ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவளில்லை. நட்சத்திரத்தின் வயிற்றில் மூன்று ஹீலியம் கருக்கள் கூடினால்தான் கரி பிறக்கும். இரண்டு கூடி நிற்பது இமைப்பொழுதுகூட இல்லை. அதற்குள் மூன்றாவது வந்து கை கொடுக்காவிட்டால் இரண்டும் சிதறிவிடும். இங்கே அதைத் தலைகீழாக அளந்தார்கள். பானை அளவு எஃகுக் கலத்தில் கரியமில வாயு. பீமை, அதாவது கதிர்க்கற்றையை, செலுத்தினால் கரியின் கரு உடைந்து, ஒரே புள்ளியிலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் பிரியும். கேமரா படம் பிடிக்கும். பீமை நிறுத்தினால் வெறும் இருட்டு.

அன்று மாலை, பீமை நிறுத்திய பிறகும் மூன்று கோடுகள் வந்தன.

“பாறையிலேர்ந்து ரேடான் வாயு கசியுதோ?” என்றார் உடன் வேலை செய்யும் ராஜராஜன்.

“அது ஒத்தக் கோடால்ல வரும், சார்.”

“அப்ப பேய்தான். அதுவும் பிஎச்டிக்கு வந்துடுச்சு போல.” சிரித்தபடி குடையை எடுத்தார். “மழை புடிச்சுக்கிச்சு, செந்துறை பஸ்ஸ விட்டா அவ்ளோதான். கலத்தை மட்டும் தொறந்துடாதீங்க மேகலா. தொறந்தா உள்ள காத்து புகுந்து இத்தன வருஷ உழைப்பும் போயிடும்.”

அவர் போனதும் பம்பின் உறுமலுக்கு அடியில், ஐப்பசி மழை வெளியே குழியை நிரப்பும் ஓசையும், எண்ணெய் வாடைக்கு அடியில், பாசி படிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் வாடையும் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. அந்த வாடை அவளுக்குத் தெரியும். விழுங்கியிருக்கிறாள்.

இதே குழி. இதே ஐப்பசி. வழுக்கி விழுந்த மேகலாவை, பின்னாலேயே குதித்த அம்சவள்ளிதான் மேலே தள்ளிவிட்டாள். கரையில் நின்ற சித்தப்பா மேகலாவை வாரி எடுத்துக்கொண்டார். தண்ணீருக்கு மேலே இன்னொரு சின்னக் கையும் நீண்டிருந்தது. காலனிப் பிள்ளையின் கை. அவர் குனியவில்லை.

திரையில் அடுத்த படம். நான்கு கோடுகள்.

கலத்துக்குள் ஏதோ சொட்டியது. ஈரமே படாத கலம்.

அடுத்த படம். ஐந்து. நான்கு நெருக்கமாக, ஒன்று மட்டும் விலகி. விரிந்த சின்ன விரல்கள்.

டொக்.

உள்ளேயிருந்து.

டொக். டொக்.

“முருகா…” மேகலா வாசலுக்கு ஓடினாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. பின்னால் தட்டும் சத்தம் தளர்ந்தது. அதட்டும் சத்தமில்லை அது. அசந்துபோன கையின் சத்தம். இன்னும் கொஞ்சத்தில் நின்றுவிடும்.

அன்றும் நின்றுபோனது.

மேகலா திரும்பினாள். வால்வைத் திறந்தாள். காற்று சீறி உள்ளே போனது. திருகுகளைக் கழற்றினாள். திரை அணைந்தது. இத்தனை வருட உழைப்பும் அதோடு போயிற்று. மூடியை நகர்த்தினாள்.

விளிம்பு வரை கறுப்புத் தண்ணீர்.

குனிந்தாள். முழங்கை வரை கையை விட்டாள்.

“நட்சத்திரம்டி,” என்றாள். பல் கிட்டியது. “நட்சத்திரத்துலதான் இருந்துச்சு, அம்சா.”

ஐந்து விரல்கள் மணிக்கட்டைப் பற்றின. இழுத்தன. தோள் வரை. கன்னத்தில் தண்ணீர்.

அவள் விடவில்லை. பாதங்களை ஊன்றி, தூக்கினாள்.

பச்சை ரிப்பன் முதலில் மிதந்தது. அதன் பின்னால், அந்தப் பானைக்குள் அடங்கவே முடியாத ஒரு சின்னத் தலை, முகத்தைக் கவிழ்த்தபடி, மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.