விடை கேட்ட குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள், துறையூர் எண்ணெய் ஆலை உரிமையாளர் வெள்ளைச்சாமியும் அவர் மனைவி மயிலம்மாளும் திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்டில் இருந்த ரோஸ்மியர் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தனர்.

மயிலம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரு முறை இதே ஏழாம் மாதத்தில்தான் அவள் மடி வெறுமையாயிற்று. ஆதலால் இம்முறை லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு வாரம் அவள் தம் பார்வையில் இருக்க வேண்டும், துறையூர்ச் சாலையின் ஒரு குலுக்கல்கூட அந்த வயிற்றுக்கு ஆகாது. மருத்துவமனையிலோ படுக்கை காலியில்லை. மனைவிக்குச் செய்வதில் குறை வைக்கும் மனிதரல்லர் வெள்ளைச்சாமி. ஒரு காலத்தில் துரைமார்கள் மட்டுமே தங்கி வந்த அந்த மாளிகையிலேயே அறை எடுத்தார்.

கீழ்த்தளம் முழுவதையும் ஒரு கலியாணக் கூட்டம் பிடித்திருந்தது. மாடி ஏறக் கூடாதென்று மயிலம்மாளை ஒரு பிரம்பு நாற்காலியில் அமர்த்தி, ஹோட்டல் ஆட்கள் நால்வர் தூக்கிச் சென்றனர்.

"உற்சவருக்குத்தாங்க இப்படிச் செய்வாங்க," என்று அவள் கூசினாள்.

"நீ இப்ப ரெண்டு ஆளு. நாலு பேரு தூக்குனா என்ன?"

"ஐயோ, நாலு பேருன்னு சொல்லாதீங்க. வாயிலே நல்ல வார்த்தையா வரட்டுங்க."

வெள்ளைச்சாமி சிரித்தார். சொற்களுக்கு உயிர் உண்டென்று நம்புகிறவள் தம் மனைவி என்பது அவருக்குத் தெரியும். விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டாள், 'அமர்த்து' என்பாள். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சுபோச்சு' என்பாள்.

பதினேழாம் எண் அறை களத்துமேடுபோல் விரிந்து கிடந்தது. படுத்தால் ஆளை உள்வாங்கிக்கொள்ளும் மெத்தை. கால் வைக்கவே அச்சமூட்டும் வெண்ணிறப் பீங்கான் குளியல்தொட்டி. பொத்தானை அழுத்தினால் எங்கோ தொலைவில் ஒலிக்கும் மணி. தாழ்வாரமெங்கும் வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. அவற்றின்மேல் ஒருவன் ஓயாது நீர் தெளித்துக்கொண்டிருந்தான். வெளியே நெருப்பாய்க் காய்ந்த வெயில், உள்ளே வரும்போது பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு குளிர்ந்த மங்கலாக மாறியிருந்தது. நட்ட நடுப்பகலிலும் அந்த அறையில் விளக்கு வைக்கும் நேரம்தான்.

"இட்லி கேட்டா ரொட்டியைச் சுட்டுக் கொண்டாந்து வெக்கிறாங்க. ஆனா தூக்கம் மட்டும் நல்லா வருதுங்க," என்றாள் மறுநாள் காலையில்.

"தூங்கு. அதுக்குத்தானே வந்தோம்," என்று சொல்லி வெள்ளைச்சாமி மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் புறப்பட்டார். "போயிட்டு வரேன் மயிலு. ரெண்டு மணிக்கு வந்திடுவேன்."

"போயிட்டு வாங்க."

பகல் பன்னிரண்டு மணிக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்தது. தட்டிக்கு நீர் தெளிப்பவன் உண்ணப் போயிருக்க வேண்டும். சொட்டும் நீரோசையும் குறைந்து குறைந்து நின்றது. மயிலம்மாள் பாதி உறக்கத்தில் இருந்தாள்.

நடையின் கோடியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"போயிட்டு வரட்டுங்களாம்மா?"

வேலை முடித்த ஆயா யாரோ விடை கேட்கிறாள் என்று எண்ணினாள். பதில் சொல்வார் எவரும் இல்லை. விடை கேட்டவரை வாசலில் நிறுத்தி வைப்பது நல்ல குடியில் பிறந்தவருக்கு அழகன்று.

"போயிட்டு வாங்க," என்று கண் திறவாமலே சொன்னாள்.

இரண்டாம் நாளும் சங்கு ஊதியது. இம்முறை அக்குரல் கோடியிலிருந்து வரவில்லை. கதவுக்கு அப்பாலேயே இருந்தது.

"போயிட்டு வரட்டுங்களாம்மா?"

"போயிட்டு வாங்க."

பழக்கப்பட்ட நாக்கு பதிலைச் சொல்லி முடித்த பிறகே மனம் விழித்துக்கொண்டது. அந்த மரத்தளத்தில் பூனை நடந்தாலும் பலகை முனகும். வந்த ஓசை கேட்கவில்லை. போன ஓசையும் கேட்கவில்லை.

கதவின் பித்தளைக் குமிழ் மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. மீண்டும் தன் நிலைக்கு வந்தது.

வெட்டிவேர் மணம் அற்றுப்போயிற்று. அதனிடத்தில் வேறொரு வாடை கதவிடுக்கின் வழியே ஊர்ந்து வந்தது. மஞ்சளும் பூண்டும் பச்சை இரத்தமும் கலந்த வாடை. பேறுகால அறையின் வாடை.

அவள் அதை இரு முறை அறிந்தவள்.

மூன்று மணிக்குத் தரை துடைக்க வந்த ராக்கம்மாள் அந்த ஹோட்டலில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். மயிலம்மாள் அவளிடம் கேட்டாள்.

"மத்தியானம் எங்கிட்டே சொல்லிட்டுப் போனது நீங்கதானே?"

ராக்கம்மாளின் கைத்துணி நின்றது.

"உச்சிவேளையிலே இந்த மாடிக்கு நாங்க யாரும் வர்றதில்லீங்களே." அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் தாழ்ந்தது. "நீங்க என்னம்மா பதில் சொன்னீங்க?"

"போயிட்டு வாங்கன்னேன்."

"எத்தனை தடவை?"

"நேத்து ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணு."

"ஐயோ தாயே."

"யாரு அது?"

"யாருன்னு எங்களுக்கும் தெரியாதுங்க. பிள்ளைத்தாச்சி யாராச்சும் தங்கினா வரும். விடை கேக்கும். மூணு தடவை 'போயிட்டு வா'ன்னு வாயாலே சொல்லிட்டா உள்ளேயே வந்திரும். வந்தா வெறுங்கையோட போகாது." அவள் மேலும் குனிந்து சொன்னாள். "எத்தனையோ துரைசானிங்க மாசமா இருக்கறப்போ இங்கே தங்கியிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலே. 'கோ'ன்னு இங்கிலீசுலே ஒரு அதட்டு, அதோட சரி. நம்ம நாக்குதாங்க 'வா' சேக்காம ஒரு சனத்தையும் அனுப்பாது."

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"'போ'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஆனா மூணாம் நாளு அந்தப் பொம்பளை குரல்லே வராதும்மா. நமக்கு ஆகப்பட்டவங்க குரல்லே வரும்."

மயிலம்மாள் தன் வாழ்நாளில் ஒருவரையும் வெறும் 'போ' சொல்லி அனுப்பியவள் அல்லள். பிச்சைக்காரனைக்கூடப் 'போயிட்டு வாப்பா' என்பாள். சாவு விழுந்த வீட்டிலிருந்து மட்டுமே மனிதர் 'வருகிறேன்' என்று சொல்லாமல் வெளியேறுவர்.

மாலையில் திரும்பிய கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. ஆனால் நம்பவுமில்லை.

"கலியாணக் கூட்டம் நாளைக்குச் சாயங்காலம் காலி பண்ணுது. கீழே ரூம் சொல்லிட்டேன். ஒரு பகல் பொறுத்துக்க."

"மத்தியானம் மட்டும் கூட இருங்களேன்."

"ஸ்ரீரங்கத்துக்கு எண்ணெய் போற நாளு. நான் நிக்காம லாரி நகராது மயிலு." அவள் முகம் வாடக் கண்டு சிரிப்புக் காட்டினார். "தாழ் போட்டுக்க. யாரு கூப்பிட்டாலும் திறக்காதே. நானே கூப்பிட்டாலும் திறக்காதே. போதுமா?"

மூன்றாம் நாள். மயிலம்மாள் மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் போட்டுவிட்டு, வயிற்றை இரு கைகளாலும் அணைத்தபடி கட்டிலின் நடுவில் அமர்ந்திருந்தாள். சங்கு ஊதி ஓய்ந்தது.

படிக்கட்டு முனகியது.

காலடிகள் ஏறின. நடையைக் கடந்தன. கதவருகே வந்து நின்றன. முன்னிரு நாளும் காலடி ஓசை கேட்டதில்லை, இன்று கேட்டது. அச்சத்தில் அவள் அறிவு அந்த வேறுபாட்டைக் கண்டும் பொருள்கொள்ளாமல் விட்டுவிட்டது.

"மயிலு."

வெள்ளைச்சாமியின் குரல். மூக்கால் சிறிது இழுக்கும் அதே 'யி'.

அவள் மூச்சை அடக்கினாள்.

"முழிச்சிருக்கியா? எழுந்திருக்க வேணாம், படுத்துக்க. பயந்துக்கிட்டு இருப்பியேன்னு எட்டிப் பாத்துட்டுப் போக வந்தேன்."

எவ்வளவு துல்லியம். அந்தக் கனிவுதான் அவளை மிகவும் நடுங்க வைத்தது.

"லாரி கீழே நிக்குது. பாலம் தாண்டி இறக்கிட்டு வந்திடறேன். போயிட்டு வரட்டுமா?"

நாக்கின் நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல். வயிற்றினுள் குழந்தை ஒருமுறை புரண்டது.

"போ," என்றாள் மயிலம்மாள்.

வெளியே ஏதோ இலை சரசரத்தது.

"சரி," என்றது குரல்.

காலடிகள் திரும்பின. ஒவ்வொரு பலகையும் முனகி அடங்கியது. வாடை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கதவிடுக்கின் வழியே வந்தது மல்லிகை மணம்.

தாழ்களை நீக்கிக் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் நான்கு முழம் மல்லிகையும், பக்கத்தில் ஒரு பையில் சாத்துக்குடிப் பழங்களும் இருந்தன. பூவின்மேல் தெளித்திருந்த நீர்கூட இன்னும் காயவில்லை.

டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஈரத்தட்டியைக் கையால் கிழித்து விலக்கினாள். லாரி வெளிவாயிலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் அவருடைய மேல்துண்டு தெரிந்தது.

"போயிட்டு வாங்க," என்று அலறினாள். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க."

எஞ்சின் இரைச்சலுக்கு அப்பால் அது எட்டவில்லை.

காவிரிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் லாரி மோதியபோது மணி பன்னிரண்டரை. டிரைவருக்குக் கையில் காயம். எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றுகூட உடையவில்லை. வெள்ளைச்சாமி ஒருவர்தான் போனார். ஹோட்டல் மானேஜர் தைரியராஜ் நான்கு மணிக்குத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, சொல்லத் தெரியாமல் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. துறையூர் வீட்டில் மயிலம்மாளும் மாமியார் வேலம்மாளும் மட்டும் எஞ்சினர். ஏழாம் மாதம் கடந்து எட்டு பிறந்திருந்தது. டாக்டரே வியந்தார். அந்த உயிர் ஒன்றுக்காகத்தான் மாமியாரும் மருமகளும் சோறென்று எதையோ விழுங்கி வந்தனர். தான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் மயிலம்மாள் எவரிடமும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில், தெருவாசலிலிருந்து அவள் அதைக் கேட்டாள்.

"மயிலு. போயிட்டு வரட்டுமா?"

மூக்கால் சிறிது இழுக்கும் அதே 'யி'.

அடுப்படியில் இருந்த மாமியார் தலை நிமிரவில்லை. மயிலம்மாள் எண்ணிப் பார்த்தாள். அது ஹோட்டலில் கேட்டதாகவே இருக்கலாம். மூன்றாம் நாள் வர வேண்டியது வழிதேடி இப்போது வந்திருக்கலாம். 'போ' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிள்ளைக்குக் கேடில்லை.

ஆனால், அவராக இருந்தால்?

ஒருமுறை சொன்னதற்குச் 'சரி' என்று தலைகுனிந்து போனவரை, இரண்டாம் முறையும் வாசலில் வைத்து விரட்டுவதா? விரட்டினால் அவர் எங்கே போவார்?

"போயிட்டு வாங்க," என்றாள். கண்ணீர் வழிந்தது.

மறுநாள் அக்குரல் அறைக்கதவின் அருகில் கேட்டது. குழந்தை அவள் விலாவில் கால் ஊன்றி அசையாமல் நின்றது. எண்ணிக்கை அவளுக்குத் தெரியும். வெறுங்கையோடு போகாதென்பதும் தெரியும்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் வலி கண்டது. திருச்சிக்குக் கொண்டுபோக நேரமில்லை. மருத்துவச்சி செல்லக்கிளி பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்து, சன்னல்களை அடைத்து, கதவைச் சாத்தி, விளக்கைக் காலடியில் வைத்துக்கொண்டாள். வேலம்மாள் மருமகளின் கையைப் பிடித்திருந்தாள். உச்சி நெருங்கியபோது மயிலம்மாள் கதவுப் பக்கம் பார்த்து, மூன்றாம் முறையாக, 'போயிட்டு வாங்க' என்று முனகினாள்.

"தலை தெரியுது. முக்கும்மா, இன்னும் கொஞ்சம்." குனிந்த தலையை நிமிர்த்தாமலே செல்லக்கிளி அதட்டினாள். "பொம்பளை பெத்துக்கிற இடத்திலே ஆம்பளைக்கு என்ன வேலை? தலைமாட்டிலே நிக்கிறவரை முதல்லே வெளியே போகச் சொல்லுங்க."

வேலம்மாள் திரும்பிப் பார்த்தாள். தலைமாட்டில் சுவர்தான் இருந்தது.

"யாரைடி சொல்றே?"

"எனக்கு மூஞ்சி தெரியலே. வேட்டிதான் தெரியுது. கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரே, பிள்ளையை வாங்கப் போறவரு மாதிரி." செல்லக்கிளி பொறுமையிழந்தாள். "உங்க வீட்டு ஆளுதானே, மயிலம்மா. நீதான் சொல்லேன். ஒரு வார்த்தை, போன்னு சொல்லு."

மயிலம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து எதையோ பார்த்தாள். பிறகு பற்களைக் கடித்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை.

சிறிது நேரத்தில் குழந்தை செல்லக்கிளியின் கைகளில் விழுந்தது. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். மீண்டும் தட்டினாள். அதன் வாய் அசையவில்லை.

ஆனால் அறையில் ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை கேட்கத்தான் செய்தது. மூவரும் கேட்டனர்.

அது தலைமாட்டிலிருந்து எழுந்து, சாத்திய கதவைக் கடந்து, தெருவாசலை நோக்கி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.