அண்ணி திறந்துவிட்ட வீடு

கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரைக் கொத்தனார் இடிக்க ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த நாத்தனார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூசிக்கு நடுவே நின்ற அண்ணியைப் பார்த்ததும் வெடித்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க! இப்பவே நிறுத்தச் சொல்லுங்க அண்ணி!"

கொத்தனார் ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றார்.

"பாதி இடிச்சாச்சேம்மா... மீதிய என்ன பண்ணட்டும்?" என்றார் பரிதாபமாக.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பி வைத்தாள் அண்ணி.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, தாயில்லாத அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாள். அன்றைக்கு எட்டு வயதாக இருந்த கொழுந்தன் முதல் நாளே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "அண்ணி, அண்ணி" என்று சுற்ற, பால்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. தனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கொழுந்தனை வளர்த்து, கல்யாணம் செய்து தனிக்குடித்தனம் வைத்தாள். நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தாள். படுக்கையில் விழுந்த மாமனாருக்கு ஐந்து வருடம் பணிவிடை செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு கணவரும் போய்ச் சேர்ந்தார். எட்டு அறைகளும் அவளும்தான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் தெருவிலிருந்த சமுதாயக் கூடத்தைப் பூட்டிக் கிடங்காக்கிவிட்டார்கள். நாடகம் போடுகிறவர்கள் பேருந்து நிழற்குடையில் ஒத்திகை பார்த்தார்கள். தையல் பழகும் பெண்கள் யார் வீட்டு மாடி காலி என்று அலைந்தார்கள். ஒரு நாள் மழையில் நனைந்தபடி வசனம் பேசிக்கொண்டிருந்தவர்களை அண்ணி உள்ளே கூப்பிட்டாள். கூடம் நிறைந்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்: இந்த வீடு இனி எல்லோருக்கும். ஒரு பெரிய நிறுவனம் செலவை ஏற்கிறோம், வாசலில் எங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று வந்தது. "பேர் போட்டா நாளைக்கு எந்த நாடகம் போடலாம்னும் நீங்கதானே சொல்வீங்க?" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள். தெருக்காரர்களே ஆளுக்கொரு வேலையாகச் சேர்ந்து செய்தார்கள். ஒயரிங் வேலை கொழுந்தனுடையது. அவன் எலக்ட்ரீஷியன்.

இப்போதும் ஏணி மேல்தான் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் இறங்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் விழித்தான்.

"உட்காரு கண்ணு... தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றாள் அண்ணி.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்! இங்க என்னென்ன வரப்போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. நாடகம்... தையல்... அப்புறம்?"

அண்ணி தயங்கினாள். "மாடில... உன் ரூம்ல... படம் வரையற வகுப்பு."

நாத்தனாரின் முகம் சிவந்தது.

"படம் வரைய! அதுவும் என் ரூம்ல! எப்படி அண்ணி உங்களுக்கு மனசு வந்துச்சு? ஓவியக் கல்லூரில இடம் கிடைச்சு வந்த கடிதத்தை உங்களை நம்பித்தானே உங்க அலமாரில ஒளிச்சு வெச்சேன்? அதை எடுத்து அப்பா கைல குடுத்தீங்களே... என் கண்ணு முன்னாடி அவர் கிழிச்சுப் போட்டாரே! என் பிரஷ்ஷை எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டாரே! என்னை வரையவிடாம பண்ணிட்டு, இப்ப ஊருக்கெல்லாம் சொல்லித் தரப்போறீங்களா? நாலு பேர் உங்களை ஆகா ஓகோன்னு சொல்லணும், அதானே?"

அண்ணி துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினாள். கண்ணீர் தூசி படிந்த கன்னத்தில் கோடாக இறங்கியது.

"பேசுங்களேன்! இருபத்தாறு வருஷமா இப்படியே வாயை மூடிக்கிட்டு நல்லவங்களாவே இருந்துட்டீங்க!"

'ணங்' என்று ஒரு சத்தம். கொழுந்தன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்திருந்தது. அவன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"போதும்க்கா."

"தம்பி, நீ வேலையைப் பாரு" என்றாள் அண்ணி அவசரமாக.

"இல்லண்ணி. பத்து வயசுல என் வாயைப் பொத்தினீங்க, பொத்திக்கிட்டேன். இப்ப எனக்கே ரெண்டு பிள்ளைங்க இருக்கு." அவன் அக்காவைப் பார்த்துத் திரும்பினான். "கடிதத்தை எடுத்துக் குடுத்தது அண்ணி இல்லக்கா. அண்ணன்."

"தம்பி! செத்துப் போனவரைப் பத்தி எதுக்குடா..."

"நான் பார்த்தேன்க்கா. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு விளையாடிக்கிட்டு இருந்தேன். சட்டை தேட அலமாரியைத் திறந்தப்ப அண்ணன் கைல அது சிக்குச்சு. பின்னால அப்பாவுக்குத் தெரிஞ்சா தன்னையும் சேர்த்துத் தொலைச்சிடுவார்னு பயந்து, நேரா கொண்டு போய்க் குடுத்துட்டார். நீ வந்து 'யார் குடுத்தது?'ன்னு கத்தினப்ப அண்ணன் தலை குனிஞ்சு நின்னார். அண்ணி முன்னால வந்து 'நான்தான்'னு சொன்னாங்க."

அண்ணனைத் தெய்வமாக நினைத்தவள் நாத்தனார். கல்யாணமாகிப் போன பிறகும் அண்ணன் குரலைக் கேட்காமல் ஒரு மாதம் கடந்ததில்லை.

"பொய்..." என்றாள். பிறகு மெல்ல, "ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் அண்ணன் 'நல்லா இருக்கியாம்மா'ன்னு கேக்கறதுக்குள்ள அழுதுடுவார். பாசம்னு நினைச்சேன்... இதுக்குத்தானா?"

"பாசமும்தான்" என்றாள் அண்ணி. "பயந்துட்டார். அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து ஒரு நாள்கூட அவர் நிம்மதியாத் தூங்கல. சொல்லிடறேன், சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை கிளம்புவார். நான்தான் தடுத்தேன்."

"ஏன்?"

"அம்மா இல்லாத பொண்ணு நீ. அப்பா அப்படி. அண்ணனும் இல்லைன்னு ஆயிட்டா நீ எங்க போய் நிப்பே? நான் வெளியிலேர்ந்து வந்தவ... என்னை வெறுத்தா உனக்கு ஒண்ணும் குறையாதுன்னு நினைச்சேன்."

நாத்தனார் இடிந்த சுவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை கோபமாகத்தான் வந்தது.

"என்னைக் கேட்டீங்களா? எனக்கு ஒண்ணும் குறையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? பிரசவத்துக்கு நீங்க வந்தப்ப உங்க கையால ஒரு வாய் கஞ்சி குடிக்க மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே... அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு நீங்க சமையல் ரூமுக்குப் போன நடை இன்னைக்கும் எனக்குக் கண்ணுல நிக்குது அண்ணி! தப்பான ஆளை வெறுக்க வெச்சிட்டீங்களே... இருபத்தாறு வருஷம் எனக்கு ஒரு அம்மா இல்லாம பண்ணிட்டீங்களே!"

இந்தக் குற்றச்சாட்டை அண்ணி எதிர்பார்த்திருக்கவில்லை. இத்தனை வருடமாகத் தான் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தப்புதான் கண்ணு... எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. அதுக்கு மேல யோசிக்கத் தெரியல."

நாத்தனார் அப்படியே அவள் தோளில் சாய்ந்தாள். இருவர் மேலும் செங்கல் தூசி. யார் அழுகிறார்கள், யார் தேற்றுகிறார்கள் என்றே தெரியவில்லை. கொழுந்தன் கீழே விழுந்த ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். டீ குடித்துவிட்டு வந்த கொத்தனார் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இன்னொரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவில் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மாடிக்குப் போனார்கள். வடக்கே பெரிய ஜன்னல் வைத்த அறை. வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது.

"ஓவியம் படிச்சவங்க மூணு பேர் வந்து இந்த ரூமைக் கேட்டாங்க. குடுக்கல. நீ வந்து சொல்லித் தருவியான்னு கேக்கணும்னு இருந்தேன். தைரியம் வரல" என்றாள் அண்ணி.

நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"நானா? பென்சில் பிடிச்சே இருபத்தாறு வருஷம் ஆச்சு அண்ணி. ஒரு கோடு நேரா வராது. என்கிட்ட எதுவும் இல்ல... வேற ஆளுக்குக் குடுங்க."

அண்ணி வற்புறுத்தவில்லை. யாருக்கு எது நல்லது என்று தானே தீர்மானிக்கும் வழக்கத்தை அன்று காலையோடு விட்டுவிட்டாள்.

கடைசியில் அந்த வகுப்பை எடுக்கச் சம்மதித்தவர் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர். "எழுத்துன்னா பிச்சு உதறுவேன் அண்ணி. மூஞ்சி வரைஞ்சா மட்டும் எல்லாரும் என் மச்சான் மாதிரியே வந்துடறாங்க" என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

முதல் சனிக்கிழமை. கீழே தையல் எந்திரங்கள் ஓடின. கூடத்தில் யாரோ நாடகத்து ராஜாவாக இருமிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே வந்து நின்ற நிழலைப் பார்த்து, "எந்த வகுப்பு?" என்று கேட்டபடி நிமிர்ந்தாள்.

நாத்தனார்! கையில் படம் வரையும் புத்தம் புதுத் தாள் கட்டு.

"ஓவியம்" என்றாள். "சொல்லித் தர இல்ல. கத்துக்க. முதல்லேர்ந்து."

நாற்பத்து நான்கு வயதில் அவள் படியேறிப் போய், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பென்ஷன் வாங்கும் பெரியவருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தாள். பெயிண்டர் எல்லோருக்கும் ஒரு தண்ணீர்ச் செம்பை வரையச் சொன்னார். கதவோரம் வந்து நின்ற அண்ணிக்கு அந்தக் குனிந்த தலையும், தாளில் தயங்கித் தயங்கி வளையும் கோடும் மட்டுமே தெரிந்தன.

நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அங்கயே நிக்காதீங்க அண்ணி, எனக்குக் கோடு கோணுது. கீழ போங்க... முடிஞ்சதும் நானே கொண்டு வந்து காட்டறேன்."

"சரிம்மா" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.