தீன் தலாப் பாதையில் எதிரெதிரே

சடசடவென்று இறக்கைகள் அடித்துக்கொண்டன. கிளுவை வாத்துகள் அத்தனையும் ஒரே வீச்சில் குளத்தைவிட்டு எழும்பி, பனிமூட்டத்துக்குள் புகுந்து மறைந்தன. விடிந்ததிலிருந்து கோரைப்புல்லுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்த பவானி, பைனாகுலரை இறக்கினாள். எதிர்க்கரையில் முழங்கால் சேற்றில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

கண் தெரியவில்லையா என்று இந்தியில் கத்தினாள். அந்தமானில் முன்பின் தெரியாத இருவர் சண்டை போட்டால் அது இந்தியில்தான் நடக்கும். முதல் சந்திப்பில் கண்கள் கலப்பதுதான் வழக்கம்... இங்கே கலங்கியது குளம் மட்டும்தான்.

"சாரி மேடம், பைர் ஃபிசல் கயா" என்று கால் வழுக்கியதைச் சொன்னான் அவன். பிறகு சேற்றில் மாட்டிக்கொண்ட செருப்பைத் துழாவியபடி, "காலங்காத்தால பிசாசு மாதிரி கத்துது" என்று தமிழில் முனகினான். தண்ணீர்மேல் அது அப்படியே இக்கரைக்கு வந்து சேர்ந்தது.

"பிசாசுக்குத் தமிழும் தெரியும்!"

அவன் நிமிர்ந்தான். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருக்க, சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் விழித்த கண்கள்... பெரிய கண்கள். அழகாகத்தான் இருந்தன. அதைக் கவனித்ததற்காக பவானி தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

மாயாபந்தரிலிருந்து பஸ் ஏறி மலைத் திருப்பத்தில் இறங்கினால் தீன் தலாப் பாதை. மேட்டுப் புல்வெளியில் மூன்று குளங்கள். மூன்றையும் தொட்டுக்கொண்டு வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட பஸ் நிழற்குடைக்கே திரும்பும் ஒற்றையடிப் பாதை. வனத்துறைக்காக ஜனவரிதோறும் அங்கே கிளுவைகளை எண்ணிக் கொடுப்பவள் பவானி. வலது பக்கமாகப் புறப்பட்டு, காலியாகக் கிடந்த முதல் குளத்தைத் தாண்டி நடுக்குளத்துக்கு வந்திருந்தாள். அவன் இடது பக்கமாகச் சுற்றி வந்து இப்படிக் காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

கரையைச் சுற்றி அவன் கிட்டே வந்ததும், "மெயின்லேண்டா?" என்றாள்.

"ஆமா. சிவகங்கைப் பக்கம். பேரு குணா."

"டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சா?"

அவன் வாயைப் பிளந்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுல என்ன இருக்கு? வந்த அன்னைக்கே திரும்பிப் போற நாளை எண்ண ஆரம்பிப்பீங்க. இந்த ஊரை ஏறெடுத்தும் பாக்க மாட்டீங்க. பெட்டி கட்டினப்புறம்தான் மெயின்லேண்ட்காரங்களுக்குக் கண்ணு திறக்கும். பீச், மலை, தலாப்னு அலைவீங்க. இங்க வெளியூர் ஆளைப் பாத்தா, மத்லப்... கப்பல் டிக்கெட் எடுத்தாச்சுன்னு அர்த்தம்."

உண்மைதான். மூன்று வருஷத்தில் குணா கப்பல்துறையையும் மார்க்கெட்டையும் தவிர எதையும் பார்த்ததில்லை. புதன்கிழமை கப்பல்.

"எந்த ஆபீஸ்?"

"வானிலை."

அவள் அவனுடைய சொட்டச் சொட்ட நனைந்த சட்டையைப் பார்த்தாள். விடியலிலிருந்து போட்ட தூறல் இப்போது மழையாகப் பிடித்திருந்தது. "குடைகூட இல்லாம?"

"லீவு நாள்ல நான் வானத்தைப் பாக்கறதில்ல மேடம்."

பவானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அதை அடக்கிக்கொண்டாள். அவளுடைய அக்கா ராஜகுமாரியும் இப்படிச் சிரிக்க வைத்த ஒரு கவர்மென்ட் மாப்பிள்ளையைத்தான் கட்டினாள். அவனுக்கு மாற்றல் வந்தது. அக்கா கப்பலேறிப் போனவள்தான்... இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே அபூர்வம். கடை வைத்திருக்கும் அப்பா பரமசிவம் அன்றைக்கே சொல்லிவிட்டார், கப்பலேறும் மாப்பிள்ளை இனி இந்த வீட்டுக்கு வேண்டாமென்று. அப்பா சொல்லாவிட்டாலும் பவானி இந்தத் தீவைவிட்டு நகர்வதாக இல்லை.

"சலோ, நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க" என்று எழுந்தாள்.

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்? கோபம் வாத்துக்கு."

அவள் மூன்றாம் குளத்தை நோக்கி நடந்தாள். அவன் முதல் குளத்தை நோக்கி நடந்தான். கூடவே போயிருக்கலாம். யார் முதலில் கேட்பது என்ற வீம்பு. வட்டப்பாதையில் முறைத்துக்கொண்டு பிரிவது வீண் வேலை என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றாம் குளத்தில் மழையைத் தவிர எதுவும் இறங்கவில்லை. பவானி கரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக ஒரே ஊர்... ஒரே மார்க்கெட்... ஒரு தடவையாவது எதிரில் வந்து தொலைத்திருக்கக் கூடாதா? போகிறபோதுதான் வர வேண்டுமா? அவளுக்கு அழுகை வந்தது. அரை மணி நேரம்கூடப் பேசாத ஆளுக்காக அழுவது மடத்தனம். தெரிந்தும் வந்தது.

முதல் குளத்தில் குணா அப்படியே நின்றுவிட்டான். கிளுவைகள் எல்லாம் அங்கேதான் இறங்கியிருந்தன. ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டால் மறுபடியும் பறந்துவிடும். மெல்ல மண்டியிட்டு, நனைந்துகொண்டே எண்ணத் தொடங்கினான். அவை ஒரு இடத்தில் இருந்தால்தானே? கணக்குத் தவறும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். எதற்காக இந்தப் பாடு என்று யோசித்தான். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை வர வேண்டும், இந்தத் தடவை அடங்காமல் வர வேண்டும் என்பதற்காக. பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அவனைப் பயமுறுத்தியது.

நிழற்குடையில் அவள்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தான்.

"முப்பத்தொண்ணு" என்றான்.

"என்ன முப்பத்தொண்ணு?"

"உங்க வாத்து. முதல் குளத்துல. நாலு தடவை எண்ணிட்டேன்."

"அடிச்சு விடாதீங்க."

"சத்தியமா! கண்ணைச் சுத்தி வெள்ளையா வளையம்... மையை மாத்திப் பூசின மாதிரி."

கிட்டத்தில் போகாமல், அசையாமல் காத்திருந்தவனுக்குத்தான் அது தெரியும். பவானி அவனைப் பார்த்தாள். குளிரில் அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. தன் துப்பட்டாவை நீட்டலாமா என்று ஒரு கணம் யோசித்து, பையிலிருந்த துண்டை நீட்டினாள்.

"பவானி..." என்றான்.

"என் பேரு எப்படி..."

"பைனாகுலர் பையில எழுதியிருக்கு. நான் ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்." குரல் கறாராக வந்தது. "கடைசி வாரத்துல எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கும் குணா. கடல் பிடிக்கும், மழை பிடிக்கும். இவ்வளவு நாள் கரிச்சுக் கொட்டின டால்கூடப் பிடிக்கும். கப்பல்ல ஏறி ரெண்டாம் நாள் மறந்துடும். எங்க அக்கா வீட்டுக்காரரும் நல்லாத்தான் பேசினார். அப்புறம் அக்காவைக் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டார்."

அவன் துண்டைக் கையில் சுருட்டினான்.

"இந்த ஊருக்கு வர ஆளே கிடைக்கல. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதிக் கொடுத்தா கையெடுத்துக் கும்பிடுவாங்க. நாளைக்குக் கொடுத்துடறேன்."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"மறுபடி எழுதிக் கொடுப்பேன். ஒரு கட்டத்துல ஆகாதுன்னு சொல்லிட்டா வேலையை விடணும். அப்போ என்ன பண்ணுவேன்னு சத்தியமா எனக்குத் தெரியல. ஆனா கப்பல்ல உங்களை ஏத்த மாட்டேன்."

தெரியும் என்று சொல்லியிருந்தால் பவானி நம்பியிருக்க மாட்டாள்.

திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவன் மறுபடி வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க. பெட்டி கட்டினவங்க பேச்சை நான் நம்பறதில்ல. பெட்டியைப் பிரிச்சதுக்கு அப்புறம் சொல்லுங்க." அவள் கன்னம் சிவந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. "நான் எங்கயும் போகல. நேத்தும் இங்கதான், நாளைக்கும் இங்கதான். அதனால நான் சொன்னா அது பக்கா. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு குணா... ரொம்பப் பிடிச்சிருக்கு."