நாடாவின் மறுமுனை

கணக்கில் மூன்றடி இடித்தது. கஸ்பர் கொப்பியைத் திருப்பி மறுபடி கூட்டிப் பார்த்தான். வெளிச்சுவரின் நீளத்திலிருந்து அறைகளையும் சுவர்த் தடிப்பையும் கழித்தால் எதுவும் மிஞ்சக்கூடாது. பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் தனியே அளந்தால் இப்படித்தான் வரும்.

அவன் போய்வந்த கட்டட வரைபட மாலை வகுப்பில், ஸ்கொட்லாந்தின் பழைய பிரபு மாளிகை ஒன்றை வைத்துத்தான் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதிலும் மூன்றடி மிஞ்சியது. எதிரிகள் வந்தபோது பிரபு தன் விருந்தாளியைச் சுவருக்குள் ஒளித்தானாம். அவர்கள் ஒன்பது நாள் தங்கிப் போனார்கள். பிறகும் பிரபு திறக்கவில்லை. சுவரைப் பூசி, மேலே குடும்பச் சின்னத்தைச் செதுக்க வைத்தான்.

அப்டன் பார்க்கில் கஸ்பர் வாடகைக்கு இருந்த வீட்டில், அந்த மூன்றடி மாடி நடையின் கோடியில், திரு இருதயப் படத்துக்குப் பின்னால் வந்தது. வீட்டுக்கார மெற்றில்டா அக்கா காலையும் மாலையும் அங்கே சாம்பிராணி காட்டுவார். அந்தப் புகைக்கு அடியில் இன்னொரு மணம் தங்கியிருந்தது, ஈரச் சீமெந்து போல, சற்றே இனிப்பாக.

“உதென்ன மணம் அண்ணை?”

“எலி செத்திருக்கும்,” என்றார் அக்காவின் கணவர் ஞானரட்ணம். “நீ என்ன, கவுன்சில்காரனோ? வீட்டை அளந்து கொண்டு திரியிறாய்.”

படிக்குக் கீழே குகதாசனின் சப்பாத்துகள் இன்னும் கிடந்தன. கஸ்பருக்கு முன் அந்த அறையில் இருந்தவன். ஆவணியில் கனடா போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சனி பின்னேரம் வாசல் மணி அடித்தது. ஞானரட்ணம் திரையை விலக்கிப் பார்த்தார்.

“இமிக்ரேசன்.”

கஸ்பரிடம் விசா இல்லை. பிடிபட்டால் கொழும்பு, அங்கிருந்து தடுப்பு முகாம். ஞானரட்ணம் அவனை மாடிக்கு இழுத்துப் போய்ப் படத்தைக் கழற்றி, பலகையைப் பெயர்த்தார். ஒரு கணம் தயங்கினார்.

“வேற இடமில்லை. நான் தட்டுமட்டும் மூச்சுக் காட்டாதை.”

பலகை மூடியது. வெளியே கொளுக்கி விழுந்தது.

இருட்டு. அந்த மணம். காலில் ஒரு துணி மூட்டை இடறியது. குனிந்து தடவினான். மூட்டைக்கு முழங்கால் இருந்தது.

பூட்ஸ் ஒலிகள் மேலே வந்தன. நின்றன. இறங்கின. கார் போனது.

யாரும் தட்டவில்லை. அவன் தட்டினான்.

“இஞ்சாருங்கோ, பொடியனைத் திறந்து விடுங்கோ,” மெற்றில்டாவின் குரல்.

“உள்ள கிடக்கிறதைக் கண்டிருப்பான். இனி எப்பிடி விடுறது?”

கொளுக்கியில் விரல் பட்டு விலகும் சத்தம் கேட்டது.

“அவன்ரை ஆக்கள் கேட்டால்?”

“கனடா போட்டான் எண்டு சொல்லு.”

ஆணியில் படம் உரசியது. சாம்பிராணி மணம் இடுக்கால் வந்தது. கத்தினான். குரல் தீர்ந்தது. தெரிந்த ஒரே வேலையைக் கைகள் செய்தன. சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து இருட்டுக்குள் நீட்டினான்.

நாடா இறுகியது.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். ஆடாமல், சரியான மட்டத்தில்.